முந்தி வந்த நன்றி

கொச்சிக்கடையில் ஏறிய பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர். மற்றவள் சேர்ச்சிலிருந்து வியாழன்தோறும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு, பிள்ளைகள் வேண்டுதல் எழுதிப்போடும் மன்றாட்டுப் பெட்டி கொண்டுபோகிறவள்.

“எல்லாப் பிள்ளையளும் ஏதாவது கேட்டுத்தான் எழுதுதுகள், டீச்சர். பாஸாகோணும், சைக்கிள் வேணும் எண்டு. ஒண்டு மட்டும் நன்றிதான் எழுதுது. அதுவும் நடக்கிறதுக்கு முதலே.”

“நீங்கள் அவ்வளவு வடிவாச் சொல்லிக்குடுத்திருக்கிறியள்!” டீச்சர் சிரித்தாள்.

“பகிடி இல்ல. போன கிழமை, ‘மிஸ் அழுது முடிச்சதுக்கு நன்றி’ எண்டு இருந்தது. மிஸ் எண்டு என்னைத்தான். ஆனா அண்டைக்கு நான் அழவே இல்ல. அடுத்த நாள்தான் அம்மாட ஸ்கேன் ரிப்போர்ட் வந்து அழுதனான்.”

கடற்காற்று புகுந்து பஸ் முழுவதும் உப்பானது. அவள் பையிலிருந்து எடுத்து நீட்டிய காகிதத் துண்டை டீச்சர் வாங்கிப் பார்த்தாள்.

“எல்லா வகுப்புக் கொப்பியும் நான் திருத்திறனான். இது எங்கட பிள்ளையளின்ர எழுத்தில்ல.”

“இண்டைக்கு வந்ததையும் பாருங்கோ.”

டீச்சர் மெல்ல வாசித்தாள். “‘மிஸ்ஸின்ட அம்மாவுக்கு இனி நோகாது. நன்றி, ஆண்டவரே.’”

“நாளைக்கு ஒப்பரேஷன், டீச்சர். சுகமாகி நோகாமல் போகுமோ, இல்லாட்டி...”

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வெள்ளவத்தை, வெள்ளவத்தை” என்று கொண்டக்டர் கத்தினான். அங்கே இறங்க எழுந்த டீச்சர் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.