ஞாயித்துக்கெழம ஹல்தி, இன்னிக்கே மூஞ்சி எரியுது

...சிரிக்காதே ப்ரீத்தி. நான் சிரிச்சா கன்னம் வெடிக்குது, நீ சிரிச்சா எனக்கு பத்திக்கிட்டு வருது. மொதல்ல அந்த ஜன்னல சாத்து. இந்த சாகண் ரோட்டுப் புழுதி மூஞ்சில பட்டா மொளகாப்பொடி தூவின மாதிரி இருக்கு. ஹா... அவ்ளோதான். வேலைக்கு சேந்த மொத வாரமே கம்பெனி பஸ்ல என் பக்கத்து சீட்டு! பாவம்தான் நீ.

எங்க விட்டேன்? ஆங், டாக்டரம்மா. புனே கேம்ப் ஏரியாவுல பெரிய க்ளினிக்கு, மீன்தொட்டியெல்லாம் உண்டு. லென்ஸ் வச்சு பாத்துட்டு கேக்கறாங்க... வெறும் தண்ணி பட்டாலே எரியுதா? கழுவினதும் இழுத்துப் பிடிக்குதா? மூக்கோரம் உரியுதா? எண்ணெயே இல்லாம பாலித்தீன் கவர் மாதிரி மின்னுதா? ஒத்துக்கிட்டிருந்த க்ரீம்கூட இப்ப எரியுதா? எல்லாத்துக்கும் ஆமான்னேன். நூத்துக்கு நூறு! தோலோட மேல்சுவரே இடிஞ்சு போச்சாம். ஈரம் வெளிய ஓடுது, அழுக்கு உள்ள வருது. வாட்ச்மேன் இல்லாத ஹவுசிங் சொசைட்டின்னு வச்சுக்கோயேன்.

என்னென்ன போட்டீங்கன்னாங்க. சொன்னேன். பேனாவ கீழ வச்சுட்டாங்க!

நான் என்ன தப்பு பண்ணேன், நீயே சொல்லு. பெயிண்ட் ஷாப்ல குவாலிட்டி பாக்கறவ. தகரத்துல பெயிண்ட் பிடிக்கணும்னா என்ன பண்றோம்? எண்ணெப்பசைய எடுக்கறோம், கெமிக்கல்ல முக்கறோம், உப்புத்தாள் போட்டு தேய்க்கறோம். அதையேதான் வீட்லயும் பண்ணேன். நுரை பொங்கற ஃபேஸ்வாஷ், ஆசிட் சீரம், அப்புறம் ஸ்க்ரப். ராத்திரிக்கு இன்னொரு ஆசிட். எந்தக் கார் கதவாவது எரியுதுன்னு அழுதிருக்கா? மூஞ்சிக்கு மட்டும் என்ன கொழுப்பு!

அவங்க சொன்ன வைத்தியத்த கேளு. எல்லாத்தையும் நிறுத்தணுமாம். நுரையே வராத ஒரு வாஷ்... அது சோப்பா மோரான்னே தெரியல. வெதுவெதுன்னு தண்ணி. ஈரம் காயறதுக்குள்ள வாசனையில்லாத வெள்ளை க்ரீம். பகல்ல சன்ஸ்க்ரீன், படுக்கும்போது உரியற எடத்துல வேஸலின். அவ்ளோதான்! சும்மா இருன்னு சொல்ல ஒரு பீஸு! தேற சில வாரம் ஆகலாம், பொறுமையா இருங்கங்கறாங்க. பொறுமை இருக்கறவ எதுக்குய்யா ஆசிட் வாங்கறா?

ஞாயித்துக்கெழம எனக்கு ஹல்தி, தெரியும்ல? நம்ம நலங்கு மாதிரிதான். ஆனா இந்த மராத்திக்காரங்க மஞ்சள பூச மாட்டாங்க, அப்புவாங்க. மாப்பிள்ளை தேஜஸுக்கு ஒரு டெம்போ நிறைய அத்தைங்க. அந்த மஞ்சள் பட்டா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.

இதுல கூத்து என்னன்னா, அவங்க வீட்ல ஹல்தியே கேக்கல. ரிஜிஸ்டர் பண்ணிட்டு சாப்பாடு போட்டா போதும்னாங்க தேஜஸோட அம்மா. நான்தான்... ‘நானும் புனேவுல பொறந்தவதான், ஹல்தி இல்லாம கல்யாணமா’ன்னு குதிச்சேன். டோல் தாஷா மேளத்துக்கு வேற சொல்லியாச்சு! இப்ப வேணாம்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது? இருக்கறதே இது ஒண்ணு.

இரு, இரு... ஃபோன். தேஜஸோட அம்மாவேதான். ஹா ஆயி, போலா, சொல்லுங்க... ஹா... என்ன?... ஒரு நிமிஷம். ப்ரீத்தி! ஹல்தி வேணாமாம்! அவங்களே சொல்றாங்க! ...இல்ல ஆயி, எவ்வளவு ஆசையா இருந்தேன்... பரவால்ல, உங்களுக்காக விட்டுக்குடுக்கறேன். மனசு கேக்கல, இருந்தாலும்... அது கெடக்கட்டும், ஏன் திடீர்னு? ...அரே தேவா! உங்க மூஞ்சில தண்ணி பட்டாலே எரியுதா? உரியவும் செய்யுதா? கண்டதையும் போட்டா அப்படித்தான் ஆயி, இந்த வயசுல எவ சொன்னா உங்களுக்கு... எந்த பாட்டில்?

...தீபாவளிக்கு நான் குடுத்த சீரமா?

ப்ரீத்தி, சிரிச்சுக்கிட்டே எங்க போற? உன் ஸ்டாப் போசரி இன்னும் வரலையே! ப்ரீத்தி!

ஹா ஆயி... இருக்கேன். ஸ்பீக்கர்லயா போட்டிருக்கீங்க? எல்லாருமா இருக்காங்க?

ஆயி... அது வந்து... எனக்கும் எரியுது.