காட்டுக்குத் திரும்பாதவை

இருவாச்சிக்குப் பப்பாளி நன்றாகப் பழுத்திருக்க வேண்டும், இன்ஸ்பெக்டர். காயாக இருந்தால் அலகால் எடுத்து வெளியே எறிந்துவிடும். இன்று யார் தீனி வைக்கிறார்களோ, அவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

காஜா பெராங்கில் டாக்டர் நல்லையாவின் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஓய்வு பெற்ற கால்நடை டாக்டர். சந்தையில் விற்க வந்தது, கண்ணியில் சிக்கியது என்று எல்லாப் பிராணிகளையும் கொண்டுவந்து வைத்தியம் பார்த்தார். பதினோரு வருஷமாக அவற்றைப் பராமரித்தவன் தம்பிராஜாவாகிய நான். தோட்டத்தின் கோடியில் இருந்த சின்ன வீட்டில் நானும் என் தங்கை சிவகாமியும் குடியிருந்தோம். டாக்டர் வைத்த விதி எளிது. குணமானது காட்டுக்குப் போகும். ஊனமானது இங்கேயே இருக்கும்.

நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஊங்கா குரங்கை அப்படித்தான் காட்டில் விட்டோம். நாலாம் நாள் யாரோ சுட்டுவிட்டார்கள். அதன் பிறகு எங்களிடம் வந்த எதுவும் காட்டுக்குப் போகிற அளவுக்குத் தேறவில்லை. டாக்டருக்குக் கண் மங்கி வந்தது. நான் சொன்னதை நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க ஆட்கள் வருவார்கள். பக்கத்துக் கம்போங் செட்டிக் கிராமத்துப் பெண்கள் நொண்டும் கரடிக்குட்டியைக் கண்டு "கசியான்" என்று மலாயில் இரக்கப்படுவார்கள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

மெர்டேக்கா என்று சுதந்திரம் கொண்டாடிய மறுமாதம், வனவிலங்கு அதிகாரி அலாவுதீன் வந்தார். ஒவ்வொரு கூண்டாகப் பார்த்துக்கொண்டே போனவர் ஐந்தாவதில் நின்றுவிட்டார்.

"என்ன தம்பிராஜா, எல்லாத்துக்கும் இடது பக்கமே அடிபட்டிருக்கு?"

"கண்ணி வைக்கிறவனைத்தான் கேக்கணும், சார்."

"இருவாச்சி மரத்து உச்சியில பறக்குறது லா. அதுக்குமா இடது ரெக்கை?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து சிவகாமி கோப்பித் தட்டோடு வந்தாள். உள்ளே போ என்று கண்ணைக் காட்டினேன். அவள் கவனிக்கவில்லை. சரளைக் கல்லின் மேல் இடது காலை இழுத்து இழுத்து வந்தாள். அலாவுதீன் கோப்பியை வாங்கினார், குடிக்கவில்லை.

"காலுக்கு என்னம்மா?"

"மார்ச் மாசம் ஏணியிலருந்து விழுந்துட்டேன், சார். சிரம்பானுக்கு நர்ஸ் படிக்கக் கிளம்ப நாலு நாள்தான் இருந்துச்சு. அண்ணன்தான் கட்டுப் போட்டாரு."

"விழுந்தப்பவே ஒடிஞ்சிருச்சா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"இல்ல சார். வீட்டுக்கு நடந்துதான் வந்தேன்."

அதுவரை அவளுக்கு அது நினைவில் வந்ததே இல்லை என்று நினைக்கிறேன். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்குமா, அண்ணே?"

ஆம், இன்ஸ்பெக்டர். வெறும் சுளுக்குத்தான். டாக்டர் அன்று ஊரில் இல்லை. வலி தெரியாமல் இருக்க அவருடைய மயக்க மருந்தைத் துணியில் நனைத்து முகர வைத்தேன். எந்தப் பிராணிக்கும் வலி தெரிய நான் செய்ததில்லை. தோல் கிழியாமல் இருக்க மரச்சுத்தியலில் சாக்குத்துணி சுற்றிக்கொள்வேன். நான் வலது கைக்காரன். மல்லாத்தி என் முன்னால் கிடத்தினால் இடது பக்கம்தான் கைக்கு வாட்டமாக வரும். இடது பக்கம் என்று அலாவுதீன் பெரிதாகப் பேசியதெல்லாம் இவ்வளவுதான். எலும்பு ஒட்ட ஆறு வாரம் ஆயிற்று. ஒரு வேளைகூடத் தவறாமல் அவளுக்கு நான்தான் கஞ்சி ஊட்டினேன். சிரம்பானில் அவளுக்கு யாரைத் தெரியும்?

இன்று காலை பெட்டியோடு சிரம்பான் பஸ் ஏறிவிட்டாள் என்கிறீர்கள். அந்தக் காலோடு வெகுதூரம் போக மாட்டாள். தீனி வேளைக்குத் திரும்பிவிடுவாள். வீட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.