ஆளுக்கொரு நாள் குரல்

சுக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா, இதமாக இருக்கிறது. எனக்குக் கொஞ்ச நாளாகவே தொண்டை கரகரப்பு. பதினெட்டு வருஷம் கத்தியே பிழைத்தவன் திடீரென்று வாயை மூடிக்கொண்டால் தொண்டைக்கும் ஏக்கம் வரும்போலிருக்கிறது.

என் பெயர் கருத்தையா. சாக்கோட்டைப் பக்கம். பாரம் இறக்குகிற செட்டுக்கு மேஸ்திரி. காரைக்குடியில் பெரிய வீட்டைப் பங்கு பிரித்து மரத்தை விற்கிறவர்கள் தேக்குத் தூணைக் கழற்றி இறக்க எங்களைத்தான் கூப்பிடுவார்கள். கல்லல் ஸ்டேஷனில் மில் சாமான் வந்து இறங்கினாலும் எங்களுக்குத்தான் ஆள் வரும். எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் குரல் ஒன்றுதான். குரல் கொடுப்பவன் வடத்தைத் தொடக்கூடாது, வடம் பிடிப்பவன் வாயைத் திறக்கக்கூடாது. 'புடி' என்றால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். 'எறக்கு' என்றால் ஒரு சாண் நழுவ விட வேண்டும். 'விட்டுரு' என்றால் பாரம் தரையில் உட்கார்ந்துவிட்டது, கையை எடுத்துவிடலாம் என்று அர்த்தம்.

வடம் பிடிப்பவன் கண்ணுக்குப் பாரம் தெரியாது. அது சுவருக்கு அங்குட்டோ குழிக்குள்ளோ இருக்கும். அதனால் காதுக்கும் கைக்கும் நடுவில் யோசனை என்று ஒன்று வரவே கூடாது. அப்படித்தான் நான் அவர்களைப் பழக்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

நான்தான் குரல் கொடுத்தேன். வேறு யாரும் கொடுத்ததில்லை. அறுபத்தெட்டு ஐப்பசியில் மஞ்சள் காமாலை வந்து நான் படுத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் செட்டு வேலைக்கே போகவில்லை. குரல் கொடுக்க ஆள் இல்லை. ஏழு வீட்டிலும் அடுப்பு சரியாக எரியவில்லை. அதை நினைத்து நான் படுத்த இடத்தில் வருத்தப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது.

மருது எங்கள் செட்டில் இளையவன். நாலைந்து வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். நான் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் என் வீட்டுக்கு வந்தான். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தான். மரியாதையாகத்தான் பேசினான்.

"அண்ணே, ஒங்களுக்கு ஒண்ணுன்னா எங்களுக்குக் கையி காலு வெளங்கல. குரல எல்லாத்துக்கும் பழக்கி விட்ருங்க. ஆளுக்கொரு நாள் பாத்துக்கிருவோம். ஒரு ஆளு தலையிலயே எல்லாச் சொமையும் எதுக்கு?"

இதில் தப்பு எங்கே இருக்கிறது, ஐயா? நானும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. நல்ல யோசனை என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பழக்கினேன். பாரத்தின் நடுக்கட்டு எங்கே என்று பார்ப்பது, வடம் முனகுகிற சத்தத்தை வைத்து அதன் நோவைக் கண்டுபிடிப்பது, எங்கே நின்று குரல் கொடுக்க வேண்டும் என்பது, எதையும் ஒளிக்கவில்லை. அவர்கள் முதலில் சொதப்புவார்கள், பயந்துபோய் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மருது முதல்முதலாகக் குரல் கொடுத்தது கண்டனூரில் ஒரு வீட்டு மேல்மாடத் தூணுக்கு. அது பூப்போல வந்து இறங்கியது. எல்லாரும் அவன் முதுகில் தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் என்னைத் தேடவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் நன்றாகவே நடந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேலை கெட்டிருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டுக் குரலைத் திரும்ப வாங்கியிருப்பேன். கெடவில்லை. ஆட்கள் ஒருவருக்கொருவர் அனுசரணையாக ஆனார்கள். எனக்கும் முறை வரும். ஆனால் எட்டில் ஒன்று. மற்ற நாளில் வடத்தின் கடைசியில், வாயை மூடிக்கொண்டு. தப்பான நேரத்தில் 'எறக்கு' என்பார்கள், எனக்கு நாக்கு துடிக்கும். அரை நொடியில் அவர்களே சரி செய்துகொள்வார்கள். வெயில் ஏறினால் மருது சொல்லுவான், "அண்ணே, நீங்க செத்த நெழல்ல உக்காருங்க." அன்பாகத்தான் சொன்னான். கையாலாகாமல் உட்கார்ந்திருந்த அந்த நிழலைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

கல்லல் அரிசி மில் காரியத்துக்கு வருகிறேன். பாய்லரைக் குழிக்குள் இறக்க வேண்டும். சரிவாகச் சிலிப்பர் கட்டை போட்டு, அதன்மேல் உருளைகள் வைத்து, பாய்லரை வடத்தில் கட்டி, வடத்தைப் புளியமரத்தில் சுற்றிப் பிடித்திருந்தோம். கட்டியது நான். முடிச்சில் ஒரு குறையும் இல்லை, நீங்கள் போய்ப் பார்க்கலாம். அன்றைக்கு மருதுவின் முறை. பாதிச் சரிவில் ஒரு உருளை கோணிக்கொண்டு பாய்லர் நின்றுவிட்டது. நானாக இருந்தால் முதலில் ஆப்பு வைக்கச் சொல்லியிருப்பேன். மருது தானே கடப்பாரையை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினான். குரல் கொடுப்பவன் கை கட்டி நின்று அடுத்தவனை இறக்கக்கூடாது என்பது அவன் கொள்கை. இறங்குமுன் முத்துவீரனைக் கூப்பிட்டு, "நான் ஏறுற வரைக்கும் குரலு ஒன்னுது" என்றான்.

முத்துவீரனை நீங்களே பார்த்தீர்கள். நல்லவன், பயந்தவன். மண்மேட்டில் ஏறி நின்றான். வடத்தில் நாங்கள் ஆறு பேர். நான் கடைசி. எனக்கு முன்னால் ஐந்து முதுகுகள். கீழே கடப்பாரைச் சத்தம் கேட்டது. உருளை நேரானது, முழுப் பாரமும் வடத்துக்கு வந்தது. முத்துவீரன் வாயைத் திறந்தான். 'புடி' என்று சொல்ல வந்தான்.

அதற்குள் சொல் வந்துவிட்டது. விட்டுரு.

சத்தமாகக்கூட இல்லை. ஐந்து பேர் கையும் ஒன்றாகப் பிரிந்தது. மருது உள்ளே இருக்கிறான் என்று ஐந்து பேருக்கும் தெரியும். தெரிந்தும் பிரிந்தது. நான் மட்டும் விடவில்லை, ஐயா. வடம் என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. இதோ, இன்னும் ஆறவில்லை.

யார் சொன்னது, யார் சொன்னது என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். அந்த நேரத்தில் குரல் முத்துவீரனுடையது, அதனால் அவன்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவனும் தன் வாயைத் தொட்டுப் பார்த்தான். "என் வாயில என்ன வந்துச்சுன்னே தெரியலண்ணே" என்று என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். மற்ற ஐந்து பேரும் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரால் என்ன செய்ய முடியும்? பொறுப்பு எல்லாருக்கும் பொது என்று பேசித்தானே எடுத்தோம், பாவமும் பொதுவாக இருக்கட்டும் என்று நான் சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

மருதுவின் பெண்சாதி காளியாயி என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "நீங்க மட்டுந்தான் புடிச்சுப் பாத்திருக்கீக" என்று சொல்லி என் கையில் முகத்தை வைத்து அழுதாள். யார் சொன்னது என்று அவளும் கேட்டாள். எல்லாரும்தான் தாயி என்றேன். அவள் தலையாட்டினாள். அவளுக்கு அதை வைத்துக்கொண்டு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. வெறுமனே தலையாட்டினாள்.

திட்டம் போட்டுச் செய்தேன் என்று எழுதாதீர்கள். காலையில் வடம் கட்டும்போது அந்தச் சொல் என் வாயில் இருந்தது உண்மைதான். அதற்கு முந்திய வேலைகளிலும் இருந்தது. ஆள் உள்ளே இறங்குகிற நாள் வரைக்கும் அதை நான் விழுங்கிக்கொண்டேதான் இருந்தேன்.

முத்துவீரன் தானே உங்களிடம் வந்து ஒப்புக்கொண்டான் என்று மருதுவின் கருமாதி வீட்டில் பேசிக்கொண்டார்கள். பாவம், அவன் சொல்லாத சொல்லை இன்றைக்கு ஊரே அவன் சொன்னதாகச் சொல்கிறது. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினெட்டு வருஷம் கேட்ட குரல், ஐயா. பின்னாலிருந்து வந்த குரல். ஒருவன் காதுக்குக்கூட அது யாருடையது என்று தெரியவில்லை. கைகளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பிள்ளைக்குட்டிக்காரன். ஒரு அப்பாவி உள்ளே இருக்கக்கூடாது என்ற நியாயத்துக்காகத்தான் வந்தேன், வேறொன்றும் இல்லை. விட்டுரு என்று சொன்னது கருத்தையா என்று எழுதிக்கொள்ளுங்கள். முத்துவீரன் நாளெல்லாம் நின்று கத்தியிருந்தாலும் அந்த ஐந்து பேர் கையும் அப்படி ஒன்றாகப் பிரிந்திருக்காது.