ஒன்பது மணி வரை அலைவனம்

இந்த இனிய விழாவுக்குத் தலைமையேற்று, என்னைப் போன்றவனும் பேசட்டும் என்று பெருந்தன்மையோடு வீற்றிருக்கும் வடக்குப்பட்டுப் பெரியவர் கண்ணப்பனார் அவர்களே, அலைவனம் கேளிக்கைப் பூங்காவின் மேலாளர், மூன்று வாரம் என்னோடு மல்லுக்கு நின்று இன்று எனக்கே சால்வை போர்த்திய சங்கரநாராயணன் அவர்களே, நாற்று நட்ட கைகளால் இன்று இயந்திரங்களை இயக்கும் பென்னலூர்த் தாய்மார்களே, தென்பாண்டிச் சீமையிலிருந்து பெட்டியோடு வந்து இந்த மண்ணையே சொந்த மண்ணாக்கிக்கொண்ட தங்கைகளே, தம்பிகளே, உங்கள் அத்தனை பேரையும் கம்பெனி பஸ் ஓட்டும் பலராமன் தலைவணங்கி வரவேற்கிறேன்.

ஓட்டுநருக்கு மேடையில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நான் பார்த்ததை வேறு யார் பார்த்தார்கள்? தினந்தோறும் என் பஸ் இந்த வாசலைக் கடக்கும்போது, பஸ்ஸில் உள்ள அத்தனை முகமும் ஒரே பக்கம் திரும்பும். தூங்கியவள் விழிப்பாள். போனில் பேசியவள் பேச்சை நிறுத்துவாள். அந்த ராட்டினத்தைப் பார்ப்பதற்கு மட்டும்தான் அவர்களுக்கு அனுமதி. ஏறுவதற்கு?

பூங்கா திறப்பது காலை பத்தரை மணி. பிற்பகல் இரண்டு மணிக்கு டிக்கெட் கவுண்டரை மூடிவிடுவார்கள். முதல் ஷிப்ட் முடிவது எப்போது? அதே இரண்டு மணிக்கு. யாருக்காகத் திறந்தீர்கள்? யாருக்காக மூடினீர்கள்? இந்த ஊரிலேயே உழைக்கிறவர்கள் உள்ளே வர முடியாத நேரத்தை யார் உட்கார்ந்து வகுத்தது?

வார விடுமுறையில் வரலாமே என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. உச்சிமாகாளி, முத்துச்செல்வி, சுகப்பிரியா, இன்னொரு தங்கை, நால்வரும் ஒரே அறை. ஆனால் நால்வருக்கும் வெவ்வேறு நாளில் விடுமுறை. ஒருத்தி துணி துவைக்கும் நாளில் மற்ற மூவரும் கம்பெனி லைனில் வேலையாக நிற்பார்கள். தனியாக வந்து ராட்டினம் ஏறுவதில் என்ன சுகம் இருக்கிறது, சொல்லுங்கள்.

இதில் சுகப்பிரியாவுக்கு அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடியவிருந்தது. தூத்துக்குடிக்கே திரும்புகிறாள். போவதற்குள் நால்வரும் ஒரே ஒரு முறை சேர்ந்து உள்ளே போக வேண்டும். அந்தப் பிள்ளை கேட்டது அவ்வளவுதான். அதைக் கேட்டபின் எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு மேலாளர் அறைக்குள் போனேன்.

போனேன், மறுத்தார். மீண்டும் போனேன், மோர் கொடுத்து மறுத்தார். கடைசியில் சொன்னார், "ஒரே ஒரு நாள் சாயங்காலம் திறக்கிறேன் பலராமன். கூட்டம் நின்னா தொடரலாம். நிக்கலேன்னா இந்தப் பேச்சையே மறுபடி எடுக்கக் கூடாது."

அந்த மாலை வந்தது. வந்தார்கள், வரிசையாக வந்தார்கள். நுழைவாயிலில் டிக்கெட்டை நீட்டாமல் கம்பெனி அடையாள அட்டையைக் கதவில் தேய்த்தவர்கள் எத்தனை பேர். சிரிக்காதீர்கள், அவர்களில் பாதிப்பேர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அலைக்குளம் நிரம்பியது. என் நெஞ்சும் நிரம்பியது.

அப்போது சைரன் ஒலித்தது. அலை எழும்பப் போகிறது என்று பூங்காவில் கொடுக்கும் வழக்கமான அறிவிப்பு அது. அடுத்த நொடி, அலைக்குளமே காலி. ஒருவர் பாக்கியில்லாமல் கரையேறி, சொட்டச் சொட்ட நனைந்தபடி வாசலை நோக்கி வரிசை கட்டி நின்றார்கள். வெறுங்குளத்தில் அலை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

மேலாளர் என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா, உங்க ஆளுங்களுக்கே புடிக்கல. கிளம்பிட்டாங்க. விளக்கை அணைக்கச் சொல்லிடட்டுமா?"

வரிசையின் முன்னால் போய் உச்சிமாகாளியிடம் கேட்டேன், "இன்னாம்மா, ஏன் எல்லாரும் மேல வந்துட்டீங்க?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "சங்கு ஊதியாச்சுல்லா அண்ணாச்சி. பொறவும் உள்ள நின்னா ஏச மாட்டாவளா?"

கம்பெனியில் சைரன் என்றால் எழு, சைரன் என்றால் நட, சைரன் என்றால் வெளியே போ. இத்தனை நாளும் ஒலி அவர்களுக்குக் கட்டளை மட்டுமே. அது ஆனந்தத்துக்கும் ஊதும் என்று நம்மில் யார் சொல்லிக் கொடுத்தோம்? என் பின்னால் நின்று இதைக் கேட்ட சங்கரநாராயணன் நேரே அறிவிப்பு அறைக்குப் போனார். ஒலிபெருக்கியைத் தானே கையில் எடுத்தார். "அம்மா, தம்பி, இது ஷிப்ட் முடியற சைரன் இல்ல. உங்களுக்காக அலை வருது. உள்ள வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இவரை இந்த மேடையில் வாழ்த்துகிறேன்.

அடுத்து எழுந்த ஆரவாரம் செம்பரம்பாக்கம் வரை கேட்டிருக்கும். ஓடினார்கள், குதித்தார்கள், கூவினார்கள். கை கோத்த நான்கு பேரில் நடுவில் நின்றவள் சுகப்பிரியா. விளக்கு அணையவில்லை. கூட்டமும் கலையவில்லை. மறுநாளே சைரனைக் கழற்றிவிட்டு, அலை வருவதைச் சொல்ல மேளம் வைத்தார் மேலாளர்.

"சீக்கிரம் முட்சிடுப்பா, ராட்டினம் நின்னுடப் போவுது" என்று முன்வரிசையிலிருந்து மஞ்சுளா அக்கா குரல் கொடுக்கிறார். நிற்காது அக்கா. அந்தச் சோதனை மாலை இன்று சட்டமாகிவிட்டது. இன்று முதல், எல்லா நாளும், இரவு ஒன்பது மணி வரை அலைவனம் திறந்திருக்கும். அடையாள அட்டை அணிந்து வருகிறவர்களுக்கு ஏழு மணி வரை டிக்கெட் உண்டு. கெஞ்சிப் பெற்றதா இது? இல்லை. கூடி நின்று, கூட்டமாக நின்று, கொண்டாடிக் காட்டிப் பெற்றது.

அந்தச் சோதனை மாலை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது சுகப்பிரியா என் இருக்கைக்குப் பின்னால் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். ஊர் போகப் போகிற பிள்ளை, அழுவாளோ என்று பயந்தேன். அவள் அழவில்லை. சொன்னாள்:

"அண்ணாச்சி, ரெண்டு வருசமா இந்த ஊர்ல வேல பாத்தேன். இன்னைக்குத்தான் இந்த ஊர்ல இருந்தேன்."

வேலை பார்க்க வந்த என் மக்களே, இனி இந்த ஊரில் இருங்கள். தலைவருக்கும், தாய்மார்களுக்கும், பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. மேளம் கேட்கிறது, எல்லாரும் உள்ளே போவோம். வணக்கம்.