கேட்டுவிட்டுக் கை வைத்தவன்

நின்றுகொண்டே பாடம் சொல்லிச் சொல்லி இடுப்பு போய்விட்டது, ஐயா. உட்கார நாற்காலி கொடுத்தீர்கள், புண்ணியம். இன்ஸ்பெக்டர்கள் எல்லாரும் உங்களைப்போல இருந்தால் ஜனங்கள் வரிசையில் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள்.

யுத்தம் வந்து நூலுக்குக் கிராக்கி ஏறியதும், கோயமுத்தூரிலிருந்து ஆள் இறக்கிக் கட்டுப்படியாகாது, உள்ளூர்க்காரர்களையே பழக்கிக்கொள்ளலாம் என்று எங்கள் மில் முதலாளி முடிவு செய்தார். பஞ்சுக் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டார். அதில் ஒரு பழைய மிஷின், ஒரு பழைய மேஸ்திரி. இரண்டில் அதிகம் முனகியது நான்தான்.

பழக வந்தவர்கள் அம்மாபேட்டைத் தறிக்காரர்கள். நூலை அவர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அதுதான் தொல்லை. கைத்தறியில் இழை அறுந்தால் கை தானாக அங்கே போகும். மிஷினுக்குள் அப்படிப் போகிற கை முழுசாகத் திரும்பி வராது. நான் 'வை' என்று சொல்லாமல் யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது என்பதே என் முதல் பாடம். வேடிக்கையாகத்தான் சொன்னேன். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கையை விட்டார்கள். சடையனுக்கு விரல் நுனி போயிற்று.

"போனாப் போவுதுங்க வாத்தியாரே, பொடி போட இன்னொண்ணு இருக்குது" என்றான். அதற்கும் சிரிப்பு.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. இவர்களைப் பெரிய மில்லுக்குள் அனுப்பினால் எத்தனை கை போகும்? ஒரு தடவை கண்ணால் பார்த்தால்தான் புத்தியில் ஏறும் என்று தோன்றிற்று. யாரை வைத்துக் காட்டுவது என்பதுதான் யோசனை. அசட்டையானவனுக்கு நேர்ந்தால், அவன் அப்படித்தான் என்று மறந்துவிடுவார்கள். கந்தப்பனுக்கு நேர்ந்தால் மறக்கமாட்டார்கள். என் சொல்லை ஒருநாளும் மீறாதவன் அவன் ஒருவன்தான். அவன் பெண்சாதி சௌந்திரம் முழுகாமல் இருப்பதும் எனக்குத் தெரியும். அதனால் அவன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று மத்தியானம்வரை பொறுத்தேன்.

பஞ்சில் சிக்கெடுக்கும் மிஷினுக்கு ஒரு குணம் உண்டு, ஐயா. பெல்ட்டைத் தள்ளி நிறுத்தினாலும், மூடிக்குள்ளே கம்பிப் பல் வைத்த உருளை சற்று நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சத்தம் வராது. அதை மட்டும் நான் பாடத்தில் சொல்லவில்லை.

எல்லாரையும் சுற்றி நிற்கவைத்தேன். பெல்ட்டைத் தள்ளினேன். மூடிக்கடியில் பஞ்சு அடைத்திருக்கிறது, எடுத்துவிடு என்றேன். கந்தப்பன் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"வைக்கட்டுங்களா, வாத்தியாரே?"

"வை, சாமி."

சாமி என்றது நடிப்பில்லை. அவன்மேல் எனக்குப் பிரியம்.

அப்புறம் கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. இப்போது நானே 'வை' என்றாலும் எவனும் கை வைப்பதில்லை. எல்லாரும் தேறிவிட்டார்கள்.

கந்தப்பனுக்கு வலக்கையை முழங்கையோடு எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். "கேட்டுட்டுத்தானுங்களே வெச்சேன்? எங்கீங்க பிசகினேன்?" என்றான். உன்மேல் பிசகில்லை சாமி என்று தேற்றினேன். நான் எழுந்தபோது, மிச்சமிருந்த கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டான்.

அந்தக் கும்பிடு ஒன்று போதும், ஐயா. நல்ல வாத்தியாருக்கு அல்லாமல் வேறு யாருக்கு அது கிடைக்கும்?