உருகியது முதலா, அறுந்தது முதலா

எனக்கு முழங்கால் வலி கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு கண்டங்கள் மோதிக்கொண்ட இடத்தில் ஆழத்துப் பாறை உருகும். பிளவு ஓடிப் பாறையை அறுக்கும். எது முதலில் நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அறுந்ததுதான் முதல், அதனால்தான் உருகியது என்று இருபத்திரண்டு வருடம் சொன்னேன். பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்டது. "ரெண்டரைக் கோடி வருஷத்துக் கதைய, என்னமோ கூடவே இருந்து பார்த்த மாதிரி பேசறீங்க" என்று மனைவி கேலி செய்வாள்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பெண் இருந்தாள். எறும்பு என்று கூப்பிடுவோம். பாறையைப் பொடித்து, அதிலிருந்து சிர்கான் மணிகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். பாறை உருகிய காலம் அந்த மணிக்குள் பதிந்திருக்கும். பிளவுக்குள் கிடந்த பாறையில் நாற்பது மணி எடுத்துப் பிசினில் பதித்து, ஒரு வில்லை செய்தாள். ஆறு மணிகளைச் சோதித்தாள். ஆறும் பிளவைவிட நாற்பது லட்சம் வருடம் மூத்தவை. அப்படியானால் உருகியதுதான் முதல்.

"மிச்சத்தையும் பார்த்துடலாம் சார். நான் சொல்றது தப்பாக்கூட இருக்கலாம்" என்றாள். பணிவாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். காணோம் என்று அவள் பதறியபோது, நானும் இரண்டு நாள் மேசைக்கடியில் குனிந்து தேடினேன்.

மறுபடி கல் எடுக்கப் பிளவுக்கே போக வேண்டும். அங்கே பாறை மாவாய் அரைபட்டிருக்கும், ஈரம் பட்டால் சரியும். அதனால் ஒருவர் கீழே வெட்டும்போது ஒருவர் மேலே நின்று சரிவைக் கவனிப்பது எங்கள் வழக்கம். மேலே நிற்பது எப்போதும் நான்.

"நீங்க வரலையா சார்?"

"முழங்கால் வலிம்மா."

"பரவால்ல, ரெஸ்ட் எடுங்க. நாலு கல்லுதானே, போன கையோட திரும்பிடறேன்."

வானிலை அறிக்கையைப் பார்த்தீர்களா என்று விசாரணையில் கேட்டீர்கள். பார்த்தேன். மூன்று நாள் மழை என்று இருந்தது. படித்துவிட்டுத்தான் அவளுடைய பயண அனுமதியில் கையெழுத்துப் போட்டேன். அவளும் படித்திருப்பாள். ஆனால் நான் கையெழுத்துப் போட்டால் பயமில்லை என்று நம்புகிறவள் அவள்.

சாகட்டும் என்று நினைக்கவில்லை. பயந்துபோய் வெறுங்கையோடு வருவாள் என்றுதான் நினைத்தேன். தினமும் இதையே சொல்லிக்கொள்கிறேன், நெஞ்சு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

அவளை அடக்கம் செய்த வாரமே வில்லை கிடைத்துவிட்டதாகச் சொல்லி, மணியின் வயதை அளக்கும் எந்திரத்தில் வைத்தேன். மிச்சமிருந்த முப்பத்துநாலு மணிகளும் அவள் பக்கம்தான். கட்டுரை வந்ததும் அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்க பேருக்கு முன்னாடி என் பொண்ணு பேரப் போட்டிருக்கீங்களே சார், வேற யாரு செய்வா?"

வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்தான். அந்த ஒன்றையாவது நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.