தாங்கிப் பாடினோம்

அன்று ஆலயத்தை ஒட்டிய கூடத்தில் இருந்தவர்கள்: போதகர், வெளியிலிருந்து வந்த ஆலோசகர் அம்மா, ஆர்கன் வாசிக்கும் தபால்காரர், பாடகர் குழுவினர், ஞாயிறு பள்ளி ஆசிரியரான என் தம்பி, எங்கள் தங்கை மகள், குழுத் தலைவனான நான். மின்விசிறிகள் நன்றாகச் சுற்றின. குறை சொல்ல ஒன்றுமில்லை.

கூட்டத்தின் நோக்கமும் நல்லதுதான். சிறுவயதில் சபைக்குள் யாரால் கெடுதல் நடந்திருந்தாலும் பயமின்றிச் சொல்லலாம். தனியறையில் கேட்கலாம் என்றார் ஆலோசகர். பாடகர் குழு துணைக்கு இருக்கட்டும் என்றது நான். எங்கள் சபையில், சாட்சி சொல்பவரின் குரல் உடைந்தால் ஒரு பாட்டெடுத்து அவரைத் தாங்குவோம். தேறியதும் நிறுத்துவோம். தேறிவிட்டாரா என்று முடிவு செய்பவன் குழுத் தலைவன்.

தங்கை மகள் எழுந்தாள். "எனக்கு ஒன்பது வயசுல, ஞாயிறு பள்ளி முடிஞ்சதும், சின்ன மாமா..."

குரல் லேசாக நடுங்கியது. எனக்கு அது போதும். கையை உயர்த்தினேன்.

அப்படியொரு பாட்டை நாங்கள் அதற்குமுன் பாடியதில்லை. பெஞ்சுகள் அதிர்ந்தன. தையல்காரர் மனைவியின் செருப்பு ஒன்று பறந்து போதகர் மடியில் விழுந்தது. அவர் அதை வைத்தே தாளம் போட்டார். என் முழங்கால் வலிகூடப் போன இடம் தெரியவில்லை. அவள் மறுபடி வாய் திறந்தாள். அடுத்த பாட்டை எடுத்தேன்.

"அவங்களப் பேச விடுங்க ஐயா" என்றார் ஆலோசகர். சுருதியை ஏற்றினேன்.

"அண்ணே, இதுக்கு மேல கட்டையே இல்ல" என்றார் தபால்காரர்.

"இருக்கிற கட்டையில வாசிப்பா."

குடும்ப மானத்தைக் காப்பது இவ்வளவு சந்தோஷமான வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மூன்றாவது பாட்டு, அவளுக்கு நானே கற்றுக்கொடுத்தது. ஒன்பது வயதில், அங்கிகள் தொங்கும் அறையில் என்னிடம் வந்து விஷயத்தைச் சொன்னாள். "அந்த நெனப்பு வந்தா இதப் பாடும்மா" என்று சொல்லிக்கொடுத்து, கையைப் பிடித்துத் தம்பியின் வகுப்பிலேயே கொண்டுபோய் விட்டேன். அதற்குப் பிறகும் நான்கு வருடம் அங்கேதான் படித்தாள். நன்றாகப் படித்தாள்.

அந்த மூன்றாவது பாட்டில் அவளும் மனம் ஆறி எங்களோடு சேர்ந்து பாடினாள் என்று சபையில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. பக்கத்தில் நின்றவன் நான். அவள் பாடவில்லை. "மொதல்ல உங்ககிட்டதான மாமா சொன்னேன்" என்று கடைசிச் சரணம் முடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.